பனியன் வேஸ்ட்டும் ஒரு தகைவிலானும்

பறவைகளோடு பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவும் மரியாதையோடு. குளத்தங்கரைச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்ற நாரையிடம், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சாமி" என்று கெஞ்சியிருக்கிறேன். பின்னால் எருமை ஓட்டிக்கொண்டு போனவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று திரும்பி வந்து, உடம்புக்குச் சுகமில்லையா என்று விசாரித்தார். நாரை பறந்துவிட்டது. மறுநாள் போனபோது என் வயிறு பதிந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் ஓர் உள்ளான் குருவி இரை தேடிக்கொண்டிருந்தது. இயற்கைக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

பிழைப்புக்குப் பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. கப்பலேறும் துணியில் குறை கண்டுபிடிப்பது வேலை. கறை, ஓட்டை, கோணல் தையல், எல்லாவற்றுக்கும் மேலே பிசிறு. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். இத்தனை வருடத்தில் கண் அதற்கே பழகிவிட்டது. கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அவர் சட்டைப் பிசிறைக் கிள்ளி எடுத்து, பெண்வீட்டாரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ஊரில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து வருடாவருடம் ஒரு கேலண்டர் போடுகிறோம். மாதத்துக்கு ஒரு படம். தேர்ந்தெடுப்பவர் ஒரு பல் டாக்டரம்மா. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் அதே கண்ணோடு படங்களையும் பார்ப்பார். முதல் வருடம் நான் அனுப்பிய மீன்கொத்தி, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தது போல நட்டநடுவில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வருடம் ஒரு கொக்கை ஓரத்தில் வைத்தேன். அது பார்க்கிற திசையில் இடமே இல்லை, சுவரில் முட்டிக்கொள்ளப் போகிறது என்றார். அதற்கடுத்த வருடம் இடமெல்லாம் தாராளமாக விட்டு, உற்சாகத்தில் பச்சையைக் கொஞ்சம் கூட்டி ஒரு கிளியை அனுப்பினேன். சாயப்பட்டறையில் முக்கி எடுத்த கிளியா என்று கேட்டார்.

இந்த வருடமும் படம் வராவிட்டால் கேமராவை மைத்துனனுக்கே கொடுத்துவிடுவது என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் ஏற்கெனவே அவன்தான் அதைக் கொண்டுபோகிறான். வாக்குக் கொடுத்தபோது என் மனைவி முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் எந்தப் பறவையிடமும் பார்த்ததில்லை.

ஆகவே கொமரலிங்கத்துக்குப் போனேன். அமராவதித் தண்ணீர் பாய்ந்த நெல் வயல், விடிந்தும் விடியாத வெளிச்சம். வயலோரக் கம்பி வேலியை, பனியன் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டால் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கம் தக்காளிச் செடியிலிருந்து டெம்போவின் கதவு வரைக்கும் பனியன் வேஸ்ட்தான் கட்டி நிறுத்தியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகத் துணிக்கிழிசல்கள், அவற்றிலிருந்து நூல் நூலாகத் தொங்கல்கள். அந்தக் கம்பியின் மேல் ஒரு தகைவிலான் குருவி வந்து உட்கார்ந்தது.

தலையில் செங்கல் நிறத் தொப்பி. முதுகில் எண்ணெய் தேய்த்தது போல மின்னும் கருநீலம். கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் வெள்ளை. எங்கள் கம்பெனியில் எத்தனை முறை வெளுத்தாலும் வராத வெள்ளை. நான் கெஞ்சாமலேயே அது திரும்பியது. சூரியன் அதன் கண்ணில் ஒரு புள்ளி வைத்தது. விரல் தன் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தது. அது பறந்துபோன பிறகும் வெறும் வேலியைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை. பறவையை இடது பக்கம் நகர்த்தி, அது பார்க்கிற பக்கம் வயலின் பச்சையை விட்டேன். நிறத்தில் கை வைக்கவே இல்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கி, கிழிசல்களையும் தொங்கும் நூல்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு பிசிறு இல்லை. ஏற்றுமதித் தரம். ஒரு பீஸ் பாஸானால் மற்றதை ரிஜக்டில் தள்ளுவது கம்பெனிப் பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே மற்ற எல்லாப் படங்களையும், இதன் மூலப் படத்தையும் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பிவிட்டு, வெள்ளகோவிலில் மனைவிவழிச் சொந்தத்தில் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் பதிலுக்குக் காத்திருந்தேன். டாக்டரம்மாவே போனில் வந்தார்.

"சார், படம் அருமையா இருக்குதுங்க. ஆனா வால்ல கம்பி எங்கீங்க?"

என்ன கம்பி என்று கேட்டேன்.

"இது கம்பிவால் தகைவிலானுங்க. வால்ல நூலாட்டம் ரெண்டு கம்பி நீட்டீட்டிருக்கோணும். பேரே அதுதானுங்களே."

நூலாட்டம் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வேலி, வேஸ்ட், தொங்கல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அதையும் பிசிறுன்னு நெனச்சு வெட்டிப்போட்டனுங்க டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கப் பல் டாக்டர்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. பிறகு அவர் சொன்னார்: "வேஸ்ட்டை மட்டும் எதுக்குங்க எடுத்தீங்க? நம்மூர்க் குருவிக்கு அதுதானுங்க இயற்கை. எதையும் அழிக்காத படத்தைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. அச்சுக்குக் குடுக்கோணும்."

எதையும் அழிக்காத படம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கேமராவின் கார்டில். கேமரா வெள்ளகோவிலில், மைத்துனன் கையில்.

போன் அடித்தேன். மேளச் சத்தத்தில் அவன் எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தேன். காதுகுத்துக்கு வராதவனின் போனை அவள் எடுப்பாளா? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். காங்கயம் வரைக்கும் ஒரு தனியார் பஸ் என் முதுகில் ஹாரனை வைத்து அழுத்திக்கொண்டே வந்தது. அதற்கு வழிவிடாமல் ஓட்டியது என் வாழ்நாளில் அன்று மட்டும்தான்.

மண்டபத்தில் நுழைந்ததும் சொந்தபந்தமெல்லாம் என்னைப் பார்த்து மலர்ந்தது. கடைசியில் வந்துவிட்டாரே என்று கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்தார்கள். அவர்களை உதறிவிட்டு மைத்துனனிடம் ஓடினேன். அவன் தூணில் சாய்ந்து, கேமராவில் எதையோ அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்டு ரொம்பிப் போச்சுங்க மச்சான். அதான் குருவிகள ஒவ்வொண்ணா அழிச்சுட்டு வாறேன்."

"ஏன் மாப்ள குருவிய அழிச்சே?"

"சும்மா உக்காந்திருக்கிற குருவிதானுங்களே? இங்க பந்தி ஓடுதுங்க."

பிடுங்கிப் பார்த்தேன். நாரைகளின் முதுகுகள் எல்லாம் மோட்சம் அடைந்திருந்தன. திரையில் கொமரலிங்கத்து வயல். அடுத்த படம் வெறும் வானம். அதற்கடுத்தது, வந்து உட்காருகிற தகைவிலான். அதற்கடுத்தது அதுவேதான், கண்ணில் புள்ளியோடு. வாலிலிருந்து இரண்டு கம்பிகள், பென்சிலால் இழுத்தது போல. இதையா வெட்டினேன் என்று அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பந்தி மேசையின் ஓரத்தில், விரித்த காகிதத்தின் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்து இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரங்களை மறுபடி வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கம்பிகளுக்குக் கீழே மூச்சுவிட இடம் வேண்டும், அதைக் கொடுத்தால் சிவப்புக் கிழிசல் உள்ளே வரும். வரட்டும் என்று விட்டேன். வந்து நின்றதும், இத்தனை நேரம் அந்தப் படத்துக்குக் குறையாக இருந்ததே அதுதான் என்று தெரிந்தது. செங்கல் தொப்பிக்கு அந்தச் சிவப்பு எங்கோ கீழேயிருந்து பதில் சொன்னது. எனக்குப் பின்னால் கூடி நின்ற மாமன்மார்கள் இன்னும் வெளிச்சம் போடலாம் என்றார்கள், குருவிக்குப் பெயர் கேட்டார்கள், காது குத்திய குழந்தையையும் ஓர் ஓரத்தில் சேர்க்க முடியுமா என்றார்கள். மண்டபத்து வாசலில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அனுப்பினேன். நான் வண்டியில் ஏறுவதற்குள் பதில் வந்தது. நவம்பர் மாதம் எனக்கு.

கேலண்டர் அச்சாகி வந்த அன்று கையில் மை வாசனை அடிக்க வீட்டுக்குள் ஓடினேன். நவம்பரைத் திருப்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன். கேமரா இனி என்னுடையது. அவள் படத்தை நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீழே தேதிகளைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல ராகு காலம் எங்க போட்டிருக்குது?"