ஒன்பது நொடிக்கு ஒரு டிக்

எங்க ரேடியோ ஸ்டேஷன் இன்ஜினியர் அக்காவுக்கு நாங்க வச்ச பேரு நோண்டி அக்கா. எதைப் பார்த்தாலும் நோண்டாம விடமாட்டா. கல்யாணமான புதுசுல, மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜ் ஏன் உறுமுதுன்னு கழட்டிப் பார்த்திருக்கா. திரும்ப மாட்டினப்ப மூணு ஸ்க்ரூ மிச்சம். அது இன்னமும் உறுமிக்கிட்டுதான் இருக்காம். அவ புருஷன் பஸ் ஓட்டுறாரு. "எங்க வீட்டுல இன்னும் கழட்டாத பொருள் நான் ஒருத்தன்தான்"னு சொல்லுவாரு.

நான் கன்ட்ரோல் ரூம்ல எல்லாச் சத்தத்தையும் கலந்து ஒலிபரப்புக்கு அனுப்புற ஆள். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு மைக்கிலேர்ந்தும் என் மேஜைக்குத் தனித்தனி வயர் வரும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அதையெல்லாம் பிடுங்கிட்டு அறைக்கு ஒரு சின்னப் பெட்டி வச்சாங்க. பெட்டிக்குள்ள போற பேச்சு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியா எங்கிட்ட வந்துடும். பத்துப் பெட்டியையும் அக்கா ஒருத்தியே ஒரே வாரத்துல மாட்டி முடிச்சா. மேனேஜர் கை குலுக்கினாரு.

அப்புறம்தான் வினை வந்துச்சு. காலைச் செய்தியில 'டிக்'னு ஒரு சத்தம். செய்தி வாசிக்கிறவரை நாங்க வெண்கலம் சார்னு கூப்பிடுவோம், அப்படி ஒரு குரல், இருபத்தாறு வருஷமா. செய்தி அறை மைக்ல அவர் ஒருத்தர்தான் வாசிப்பாரு. அவர் பேசினா டிக், வாயை மூடினா டிக் இல்லை. ஃபோன் மேல ஃபோன்: "உங்க ஆளு நாக்கைத் தட்டிக்கிட்டே பேசுறாரு!"

மேனேஜர் அக்காவை விசாரிச்சாரு. அவ செய்தி அறைக்குப் போயி, அந்தப் பெட்டியிலேயே ஹெட்ஃபோனைச் சொருகிப் பேசிப் பார்த்தா. சுத்தமா இருந்துச்சு. "பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு"ன்னுட்டா. அவ்வளவுதான், பழி மொத்தமும் சார் வாய் மேல விழுந்துச்சு. மூணு வாரத்துல சரியாகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு மேனேஜர் கறாராச் சொல்லிட்டாரு. மனுஷன் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வாசிச்சாரு, நாக்கை மடக்கி வாசிச்சாரு, கண்ணு கலங்கி வாசிச்சாரு. எனக்கு வயித்தெரிச்சல். ஒரே ஒருத்தராவது அவரை வேற அறையில உக்கார வச்சுப் பார்த்தோமா? இல்லை. இதுக்கு இத்தனை பேருக்குச் சம்பளம் வேற!

கெடு முடியுற வாரம், சனிக்கிழமை மத்தியானம். திங்கக்கிழமை புது ஆள் வரப்போறான். அக்கா என் பக்கத்துல உக்காந்து சாரோட காலைப் பதிவைக் கேட்டுக்கிட்டிருந்தவ, சட்டுன்னு வாட்ச்சைப் பார்த்தா.

"ஏய், எண்ணு."

எண்ணினோம். ஒன்பது நொடி. மறுபடி ஒன்பது. அதுக்கப்புறமும் ஒன்பதேதான்.

"மனுஷ நாக்கு வாட்ச்சைப் பார்த்துக்கிட்டா தட்டும்?"

ஓடிப்போயி செய்தி அறை மைக் முன்னாடி தன் மொபைல்ல ஒரு பாட்டைப் போட்டு வச்சுட்டு வந்தா. என் ஸ்பீக்கர்ல பாட்டு வருது, நடுநடுவுல டிக்.

"சார் வீட்டுல இருக்காரு, டிக் இங்க இருக்குடி!"

லேப்டாப்பைத் திறந்து பெட்டி பெட்டியாப் பார்த்தா. இந்தப் பெட்டிங்க சத்தத்தை நொடிக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டா நறுக்கி அனுப்புதுங்க. எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நறுக்கணும். ஒண்ணு மட்டும் தன்னிஷ்டத்துக்கு நறுக்கினா, இத்தனை நொடிக்கு ஒருதரம்னு கணக்கு உதைக்கும், அங்க ஒரு டிக். பேச்சு இருந்தாத்தான் அது காதுல விழும். ஒன்பது பெட்டி ஒழுங்கா இருந்துச்சு. செய்தி அறைப் பெட்டி மட்டும் சொந்தக் கடிகாரத்துல ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த அறையிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டா எப்படித் தெரியும்? சத்தம் இன்னும் நெட்வொர்க்குக்கே வரலையே!

"யாருக்கா இப்படி வச்சது?"

அவ முகம் செத்துப்போச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி, அந்த ஒரு பெட்டியை மட்டும் தனியா மேஜை மேல வச்சு சோதிச்சிருக்கா. பின்பற்ற வேற பெட்டி இல்லாததால, சொந்தக் கடிகாரத்துல ஓடுன்னு வச்சிருக்கா. அப்புறம் மாத்த மறந்துட்டா.

"இப்ப மாத்திடுக்கா, ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகுது?" நான்தான் சொன்னேன், வெக்கமே இல்லாம.

"மாத்திட்டா திங்கக்கிழமை புது ஆள் டிக் இல்லாம வாசிப்பான். அப்ப சார் வாய்தான் காரணம்னு நாமளே எழுதி ஒட்டின மாதிரி ஆயிடாது?"

மாத்தலை. மேனேஜரைக் கூட்டிட்டு வந்து செய்தி அறையில உக்கார வச்சு, பேப்பரைக் கையில குடுத்து, "வாசிங்க சார்"னா. பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினோம். மேனேஜர் வாயிலேர்ந்து ஒன்பது நொடிக்கு ஒரு டிக்! அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"பெட்டிதான் சார். தப்பா வச்சது நான். பெட்டி நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான்"னா அக்கா.

மேனேஜர் கொஞ்ச நேரம் குதிச்சாரு. அப்புறம், "அவர்கிட்ட நீயே போயிச் சொல்லு"ன்னாரு.

அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் சார் வீட்டுக்குப் போனோம். சார்தான் கதவைத் திறந்தாரு. மேல் உதடு வீங்கி, வாயில பஞ்சு. அக்கா நின்ன இடத்துலயே எல்லாத்தையும் கொட்டினா. அவர் முழுசாக் கேட்டுட்டு, பஞ்சை மெதுவா எடுத்தாரு.

"இன்னைக்குக் காலையில வாசிச்சு முடிச்சதும்தாம்மா, நாக்கு தட்டுற முன்பல்லு ரெண்டைப் பிடுங்கிக்கிட்டேன். நல்ல பல்லு, வேண்டாம்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் கேக்கலை."

அக்கா அப்படியே படியில உக்காந்து அழுதா. என்னாலயும் அவர் முகத்தைப் பார்க்க முடியலை. அவரோ குனிஞ்சு அவகிட்ட, "என் வாய் இல்லையே? நல்லாப் பார்த்துட்டியா? என் வாய் இல்லையே?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு.

பெட்டியைச் சரிபண்ணியாச்சு. திங்கக்கிழமை அவரே வாசிச்சாரு. டிக் இல்லை. 'ச' வர்ற இடத்துலயெல்லாம் லேசாக் காத்து போச்சு. கேக்கிறவங்க ஒருத்தரும் ஃபோன் பண்ணலை. ஆனா என் பக்கத்துல உக்காந்திருந்த அக்கா, ஒவ்வொரு 'ச'வுக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.