அச்சுக்குள் சந்தனம்

பாரிஸ் லாச்சப்பலில் பலசரக்குக் கடையில் நிற்கிறவன் ஞாயிறுகளில் துப்பாக்கி சுடப் போகிறான் என்றால் சனம் ஒரு மாதிரித்தான் பார்க்கும். பார்க்கட்டும். கடதாசியைச் சுடுகிற விளையாட்டு அது. எங்கள் கடைக்கு வருகிற புதுச்சேரிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், என்னைத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டார். துப்பாக்கி ரவைகளைக் கடையில் வாங்காமல் நாமே செய்கிற பைத்தியமும் அவரிடமிருந்துதான் தொற்றியது. சுட்டு முடிந்த வெற்றுக்கோதில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை, அதாவது பாய்கிற ஈயக் குண்டை, வைத்து அச்சால் அமுக்க வேண்டும். எல்லாச் சன்னமும் ஒரே ஆழத்துக்கு இறங்கினால்தான் எல்லாம் ஓரிடத்தில் படும். மயிரிழை பிசகினாலும் கடதாசி காட்டிக்கொடுத்துவிடும். கடையில் எல்லோரிடமும் எரிந்துவிழுகிற நான் அந்த வேலையில் மட்டும் அடங்கியிருப்பேன்.

மனைவிக்கு இதைக் கண்ணில் காட்டக்கூடாது. இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் அவளுடைய தம்பியைக் கொண்டுபோனது ஒரு சன்னம்தான். வீட்டுக்குள் ஒன்றும் வரக்கூடாது என்றாள். துப்பாக்கி கழகத்தில் பூட்டிக் கிடந்தது, கருவிகள் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தன.

சில வருடங்கள் கழித்து ஒரு சரஸ்வதி பூசைக்கு, மகளின் புத்தகங்களையும் என் கடைக் கத்தியையும் படத்துக்கு முன்னால் அடுக்கியவள், "உங்கடை அந்தச் சாமானையும் கொண்டு வாங்கோ" என்றாள். நிலவறைக்கு ஓடிப்போய், ரவை அமுக்குகிற கருவியைக் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் அவளே சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாள். எனக்கிருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிறு கழகத்தில் போட்டி, அந்தக் கிழமை அமுக்கின ரவைகளோடு போனேன். என் துளைகள் கடதாசி முழுக்கச் சிதறின. இரவு குடி கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்று புதுச்சேரிக்காரர் கிண்டலடித்தார். கடுப்போடு திரும்பி, மிஞ்சின ரவைகளை அளந்து பார்த்தேன். சன்னங்கள் ஆளுக்கொரு ஆழத்தில் நின்றன. அமுக்குகிற அச்சைக் கழற்றினால், சன்னத்தின் மூக்குப் பொருந்துகிற குழியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அமுக்க அமுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது.

சொன்னால் இனி அந்தப் பக்கமே வரமாட்டாளோ என்று பயந்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு தொட்டவள். ஆனால் அவளிடம் எதையும் ஒளித்து எனக்குப் பழக்கமில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் பூசினதாலை ஒண்டும் குறிக்குப் படேல்லையோ?"

"ஓம். ஒண்டும் படேல்லை."

"அண்டைக்கும் ஆராவது பூசிவிட்டிருக்கலாம்" என்றாள்.

தம்பியின் சாவைப் பற்றி அவளாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

"வாற வருசம் உள்ளுக்கை பூசமாட்டன். அந்தச் சாமானை இனி மேலை வீட்டுக்குள்ளையே வையுங்கோ. கீழை ஒரே ஈரம், துருப்பிடிச்சுப் போகும்."