பத்தொன்பதிலிருந்து ஒன்பதுக்கு

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்பது ஒரு மேஜை, இரண்டு போன், ஓர் அக்கா. பதினேழு வருஷமாக ஊராரின் கோபத்தைக் காதில் வாங்கியே சம்பளம் வாங்கியவர். வீட்டில் கணவர் எரிந்து விழுந்தால்கூட, "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

புது மேனேஜர் வந்த மாதமே மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். திரும்பும்போது கக்கத்தில் ஒரு சுருட்டிய சார்ட். வரவேற்பறையில் ஆணி அடித்து அதை மாட்டினார்: 'வந்த புகார் அன்றே தீரும். நூற்றுக்கு நூறு.'

"இப்போ எத்தனை நாள் ஆகுதுன்னு பார்த்தீங்களா சார்?" என்று அக்கா கேட்டார்.

"பழசைக் கிளறாதீங்க மேடம். இலக்குன்னா வானத்தைத் தொடணும்."

ஒரே வாரத்தில் தொட்டுவிட்டார்கள். மெக்கானிக்குகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாப் புகாரிலும் 'முடிந்தது' என்று போட்டார்கள். மறுநாள் காலையில் அதே லிஃப்டைப் புதுப் புகாராகப் பதிந்தார்கள். சார்ட்டில் பச்சைக் கோடு கூரையை முட்டியது. லிஃப்டுகள்தான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அக்காவுக்குக் கலக்கமாக இருந்தது.

"லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சும்மா."

"ஆமாங்க டாக்டர்."

"நான் அதுக்குள்ளதான் நிக்கிறேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

ஆளை அனுப்பி டாக்டரை இறக்கிய கையோடு அக்கா பதிவேட்டைப் புரட்டினார். அந்த லிஃப்ட் ஐந்து தடவை 'சரியானது'. மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கதவுக்கு ஒரு ரோலர் மாத்தணும்க்கா. பேப்பர் மேல போயிருக்கு."

"மேலன்னா எங்க?"

அவன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்கும் தெரியவில்லை.

அக்கா புதிதாக ஓர் உதிரிபாக விண்ணப்பத்தை எடுத்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரி, மேஜை மேஜையாக அதன் பின்னாலேயே போனார். வந்த தேதியையும் கிளம்பிய தேதியையும் ஓரத்தில் பென்சிலால் குறித்தார். ஏழு கையெழுத்து, பொருள் கைக்கு வந்து சேர மொத்தம் பத்தொன்பது நாள். அதில் பதினொரு நாள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த கிடங்குக்காரரிடமே போயிருந்தது.

"எதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுறீங்கண்ணா?"

"கிடங்குல இருப்பு இல்லைன்னு."

"கிடங்கையே மூடி ஆறு வருஷமாச்சேண்ணா."

"அதனாலதாம்மா இருப்பு இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடனே போட்டுக் குடுத்தா, இவனுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் வெச்சிருந்து போட்டாத்தான் மரியாதை."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கணவர் எல்லாவற்றையும் கேட்டார். "சரி, எத்தனை நாளாக்கப் போறே?"

"அஞ்சு."

"உங்க மேனேஜர் காத்து உன் மேலயும் அடிச்சிருச்சு."

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பாகம் தயாரிக்கிற கம்பெனியிலிருந்து பொருள் வந்து சேரவே ஆறு நாள். நடுவில் லீவு, மறதி, வீம்பு. "பத்து. மூணு மாசத்துல."

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "அன்றேன்னு மாட்டி வெச்சிருக்கேன். பக்கத்துல பத்துன்னு எழுதினா வர்றவங்க சிரிப்பாங்க."

"சுவத்துல வேண்டாங்க சார். என் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிறேன்."

யார் கண்ணிலும் படாத இலக்கு என்பதால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது.

அடிக்கடி தேவைப்படும் பாகங்கள் எவை என்று அக்கா கிடங்குக்காரரிடம் கேட்டார். அவர் யோசிக்காமல் இருபதை எழுதித் தந்தார், எதை எந்த மெக்கானிக் உடைப்பான் என்ற விவரத்தோடு. அந்த இருபதும் படிக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரியில் வந்து சேர்ந்தன. இனி அவர் கையெழுத்துப் போட வேண்டாம், பாகத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். மெக்கானிக்குகள் வரிசையில் நின்றார்கள். மனிதர் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

முதல் மாதம் பதினைந்து நாள். இரண்டாம் மாதம் இரண்டு அதிகாரிகள் சேர்ந்தாற்போல் லீவு போட, பதினேழு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினார். மூன்றாம் மாதம் பதினொன்று. கெடு தவறிவிட்டது. நான்காம் மாதம் ஒன்பது. மெக்கானிக்குகளுக்குப் பொய்யெழுத வேண்டிய அவசியமும் குறைந்தது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார். பழைய கோப்பையும் புதியதையும் அருகருகே வைத்தார்.

"நாலு மாசம் முன்னாடி ஒரே நாள்ல தீர்ந்த புகாருக்கு இப்போ ஒன்பது நாள் ஆகுது. என்ன நடக்குது இங்க?"

மேனேஜர் சார்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார்.

"அது வந்து மேடம்... அளக்குற முறையை மாத்தியிருக்கோம்" என்றார் மேனேஜர்.

"எப்படி மாத்தினீங்க?"

அவர் அந்தக் கதவைக் காட்டினார். "இப்போ அளக்குறோம்."

 அந்த அம்மா அலமாரிக் கதவிலிருந்த எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார். பாராட்டுக் கடிதம் வரவில்லை. விளக்கம் கேட்டு மேனேஜருக்கு ஓர் ஓலை மட்டும் வந்தது. அதற்குப் பதில் எழுத அவருக்கு நான்கு நாள் பிடித்தது.

பதிலை அனுப்பிய அன்று, அக்காவின் மேஜைக்கு அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்தது ஏழுன்னு வெச்சுக்கலாமா?"

"அலமாரியில இல்லாத பொருள் வரவே ஆறு நாள் ஆகுதுங்க சார். எட்டு."

"ஏழரை?"

"எட்டு."

"சரி, எட்டு" என்றார் மேனேஜர், பென்சிலைத் தேடிக்கொண்டே.