மாமனாரின் ஐரிஷ் பட்டியல்

ஸ்கேனில் பையன் என்று தெரிந்த வாரத்தில்தான் என் மாமனாருக்குத் தான் ஐரிஷ்காரர் என்பது நினைவுக்கு வந்தது. அதுவரை அவர் வெறும் டெக்ஸாஸ்காரராகத்தான் இருந்தார். அவருடைய தாத்தாவின் அப்பா அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் பைபிளிலிருந்து எடுத்த சாதாரணப் பெயர்கள்தான். என் கணவரின் பெயரில் அவருடைய ஆபீஸிலேயே ஐந்து பேர் இருந்தார்கள். ஆனால் கோயம்புத்தூர்க்காரி வயிற்றில் வளரும் பேரனுக்கு மட்டும் கெல்டிக் பரம்பரையைச் சொல்லும் பெயர் வேண்டும் என்றார்.

ஹூஸ்டனிலிருந்து அவர் என் கணவரின் ஆபீஸுக்குப் பெயர்ப் பட்டியல்களை ஃபேக்ஸ் செய்வார். கணவர் அதை நான்காக மடித்து பிளானோவில் இருந்த எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைப்பார். தன் கருத்து என்று ஒன்றும் சொல்ல மாட்டார். உனக்கு எது பிடிக்கிறதோ அதுதான் என்பார். பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து மூட்டாத எரிச்சலை அந்த ஒரு வாக்கியம் எனக்கு மூட்டியது.

ஏழாம் மாதம் முடியும்போது அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே பட்டியலை வாசித்துக் காட்டச் சொன்னார். முதல் பெயர் ஓவன்.

"அடுப்புப் பேரையா கொழந்தைக்கு வெக்கறது?" என்றார்.

அடுத்தது கானர். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் வாயில் கோணல் என்றுதான் வந்தது. அவருக்குச் செந்தில் என்று வைக்க ஆசை. மாமனார் ஃபோனில் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டார். இந்தியக் கடையில் பார்த்த ஓர் ஆன்ட்டி, "நீல்னு வெச்சுடும்மா, ரெண்டு சைடுக்கும் வொர்க் ஆகும்" என்றார். அது உண்மைதான். அதனாலேயே எங்களுக்குத் தெரிந்த நான்கு வீடுகளில் ஏற்கெனவே நீல் இருந்தான். மாமனாரோ, அது ஓர் ஐரிஷ் பெயரை ஆங்கிலேயர்கள் கெடுத்து வைத்த வடிவம் என்று ஒரு பக்கத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்.

ஆகஸ்ட் வெயில். கால் வீங்கி எந்தச் செருப்பும் நுழையவில்லை. ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், எல்லாப் பட்டியல்களையும் வெங்காயத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் புதுப் பிரதி வந்தது.

கடைசியில் சிசேரியன்தான் ஆனது. இரண்டாம் நாள் காலை, பிறப்புச் சான்றிதழ் படிவத்தோடு ஆஸ்பத்திரிப் பெண்மணி ஒருத்தர் வந்தார். பெயர் முடிவாகவில்லை என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மதியம் மறுபடியும் வந்தபோது சிரிக்கவில்லை. நாளை வீட்டுக்குப் போவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். அதற்குள் மாமனாரும் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு, பட்டியலும் ஒரு பெயர்ப் புத்தகமுமாக வந்துவிட்டார். அம்மா கட்டிலின் ஒரு பக்கம், அவர் மறுபக்கம்.

பட்டியலை நானே வாங்கிப் பார்த்தேன். அடியில், C-யில் தொடங்கும் ஒரு பெயர் இருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று மாமனாரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சியாரன் என்றார். என் கணவர் புத்தகத்தைப் புரட்டி உச்சரிப்பைப் பார்த்தார். சியாரன் இல்லை, கீரன்.

தையல் வலித்ததையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தில் பார்த்த பெயர் அது. அம்மாவிடம் சொன்னேன். "கீரன்" என்று அம்மா ஒரே தடவையில் சுத்தமாகச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம். மாமனார் மட்டும் சியாரனை விட மனமில்லாமல் இருந்தார்.

அப்போது என் கணவர் அர்த்தத்தையும் படித்தார். கருத்த சிறுவன்.

குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். என்னைவிட இரண்டு படி கூடுதல் கருப்பு. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல பெயர்தான், ஆனால் கேட்கிறவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளலாம், வேறு ஒன்று பார்ப்போமே என்றார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னதும் அவர் முகமும் மாறியது.

"கருப்பன்னா பேரு வெக்கறது? மொதல்லயே நெறம் கம்மியாப் பொறந்திருக்கான். வேண்டாங் கண்ணு."

நான்கு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அலுப்பு, வலி, அவமானம் எல்லாம் அதில் கலந்திருந்தன.

"நம்ம கொலதெய்வத்துக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

எங்கள் குலதெய்வம் கருப்பராயன். அந்தக் கோயிலில்தான் எனக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள்.

மாமனாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: பட்டியல் உங்களுடையது, என் பிள்ளை கருப்புதான், அதை யாரிடமும் மறைக்கப்போவதில்லை. அவருடைய முகம் காது மடல்வரை சிவந்துபோனது. அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. என் கணவர் புத்தகத்தை மூடிவிட்டு, தனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒன்பது மாதமும் ஓர் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டன.

முதல் எழுத்து C-யா K-யா என்று அதற்குப் பிறகும் அரை மணி நேரம் போனது. ஆஸ்பத்திரிப் பெண்மணி மூன்றாம் முறையாக வந்து பேனாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். K என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பையனுக்கு இப்போது நான்கு வயது. டேகேரில் பாதிப் பேர் அவனைக் கேரன் என்று பெண்பிள்ளைப் பெயரால் கூப்பிடுகிறார்கள். டாக்டர் ஆபீஸில், பல் ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. மாமனார் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் இன்னும் C போட்டுத்தான் எழுதுகிறார். நண்பர்களிடம் அது சுத்தமான ஐரிஷ் பெயர் என்கிறார். ஊரில் அம்மா அதைச் சுத்தமான தமிழ்ப் பெயர் என்று சொல்லிக்கொள்கிறார். இருவருமே அர்த்தத்தை மட்டும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் நான்தான் சொல்கிறேன்.