ராக்கப்பனின் மடி

அபுதாபிப் பக்கத்து அல் ஐனில் குடும்பம் என்ற சொல்லுக்குத் தனிக் கணக்கு இருந்தது. மனைவி பக்கத்தில் இருந்தால் குடும்பம். இல்லாவிட்டால் பேச்சிலர். அம்மையப்பனுக்கு ஊரில் மனைவி இருந்தாள், நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், மூத்தவளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் இங்கே அவர் பேச்சிலர்தான். கல்யாணமே ஆகாத ராக்கப்பனும் பேச்சிலர்தான். சிவகங்கைப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்களான இருவரும் கட்டடக் கம்பெனி கேம்ப்பில் ஒரே ரூமில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகக் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அல் ஐனில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நலச் சங்கம் வைத்திருந்தன. செயலாளர் ரெங்கராஜ் ஒரு கம்பெனியில் அக்கவுண்டண்ட். சங்கத்தைச் சும்மா குறை சொல்லக் கூடாது. புதிதாக வந்திறங்கும் பெண்ணுக்கு அரிசி பருப்பு எங்கே கிடைக்கும் என்று காட்டிக் கொடுப்பது, பிரசவமானவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, அம்மா வீடு எட்டாத தூரத்தில் இருக்கும் பெண்களுக்குத் தாங்களே அம்மா வீடாக நின்று வளைகாப்பு நடத்துவது என்று நல்ல காரியங்கள் நிறையச் செய்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு கம்பெனியின் கிளப் ஹாலை வாங்கி விழா எடுப்பார்கள். அழைப்பில் மட்டும் 'குடும்பத்துடன் வருக' என்று இருக்கும். பேச்சிலர்கள் வரக் கூடாது என்று யாரும் எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பந்தல் போடவும் பாத்திரம் தூக்கவும் ஆள் வேண்டுமென்றால் ரெங்கராஜின் கார் கேம்ப் வாசலுக்கு வரும்.

அப்படித்தான் எழுபத்தைந்தாம் வருஷப் பொங்கல் விழாவுக்கு ராக்கப்பன் பந்தல் போடப் போனான். கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் கட்டுகிற ஷட்டரிங் வேலைக்காரன், கம்பும் கயிறும் அவன் சொன்னபடி கேட்கும். பந்தலை முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது ஹாலுக்குள் ஒரே களேபரம். தண்ணீர் இலாகாவில் இன்ஜினியராக இருந்த அனந்தகிருஷ்ணனின் பெண் பத்மாவுக்கு அன்று காதுகுத்து. ஆசாரி தயார், கம்மல் தயார், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையும் தயார். தாய்மாமன் மடிதான் இல்லை. பத்மாவின் அம்மா ஷியாமளாவுக்கு ஒரே தம்பி, அவன் மெட்ராஸில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். வந்திருந்த ஆண்களில் ஒருவர் மடியில் வைக்கலாமென்றால், எல்லோரும் வேட்டி கசங்குமே என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஷியாமளாவின் கண் வாசலில் நின்ற ராக்கப்பன் மேல் விழுந்தது.

"உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு தங்கச்சி இருக்கும்மா. வடிவுன்னு பேரு."

"அப்ப எங்களுக்காகக் கொஞ்சம் உக்காருங்களேன். என்னையும் தங்கச்சியா நெனச்சுக்குங்க."

சொன்னவளுக்கு அது அந்த நேரத்துக்கு வாயில் வந்த வார்த்தை. கேட்டவனுக்கு அப்படி இல்லை. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு வடிவைத் தானே வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன். தங்கச்சி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அது விளையாட்டில்லை என்று நினைக்கிற சாதி மனுஷன். கை கால் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வாங்கி, இரண்டு கைகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, தலையை மார்போடு சாய்த்துக்கொண்டான். பத்மா வீல் என்று அலறி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அன்றைக்குப் பந்தலுக்குக் கம்பு சுமந்து வந்தவன், குடும்பங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதன் பிறகு ராக்கப்பன்தான் சங்கத்துக்கு ஆஸ்தான மாமன். காதுகுத்து என்றால் அவனைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. மடியில் வைத்த பிள்ளைகளை மற்றவர்கள் மறந்தார்கள், அவன் மறக்கவில்லை. மாமன் என்றால் வருஷா வருஷம் செய்முறை உண்டு என்பது அவன் ஊர் வழக்கம். தீபாவளிக்கு முந்தின வார விடுமுறையான வெள்ளிக்கிழமை, சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கவுனும் மிட்டாயும் கொடுத்துவிட்டு வருவான். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். சில வீடுகளில் கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க இதெல்லாம்?" என்பார்கள். அவர்கள் நிஜமாகவே எதற்கு என்று கேட்டார்கள். அவன் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டான்.

கேம்ப்பில் அம்மையப்பன் கேலி செய்வார். "டேய், கல்யாணம் காச்சி இல்லாம இத்தன புள்ளைகளுக்கு மாமனாயிட்டியேடா. கெட்டிக்காரன்தான்."

"வயித்தெரிச்சலுண்ணே உங்களுக்கு" என்பான் ராக்கப்பன். சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனால் வெள்ளிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் அவனுக்கு இருந்த சிரிப்பு அவ்வளவுதான். டூட்டி முடிந்து வந்தால் தகரக் கூரை, வரிசையில் நிற்கிற கக்கூஸ், யாரோ ஒருவரின் ரேடியோ. மற்றவர்கள் மனைவிக்கு எழுதும்போது அவனுக்கு எழுத ஆள் கிடையாது. வடிவுக்கு எழுதுவான். அதையும் அவள் புருஷன்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்பதால், நலம், நலமறிய ஆவல் என்பதோடு நிறுத்திக்கொள்வான். தனக்கு இங்கே யாருமில்லை என்பதை ஒரு மனிதன் எத்தனை நாள்தான் தனக்கே சொல்லாமல் இருக்க முடியும்? அந்தக் குழந்தைகள் இருந்ததால் ராக்கப்பனால் முடிந்தது.

வடிவுக்கும் ஒரு பெண் பிறந்திருந்தது. சீதாலட்சுமி என்று பேர். அண்ணன் வந்தால்தான் காதுகுத்து என்று வடிவு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம் பொங்கலுக்கு அவனுக்கு லீவு முறை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஷியாமளா சொல்லி அனுப்பினாள். அவளுக்கு இரண்டாவதும் பெண். "இவளுக்கும் நீங்கதான் மாமா. பொங்கல் ஃபங்ஷன்ல வெச்சுடலாம்."

இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தானாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்தான். ஊரில் பங்காளி வீட்டு அண்ணன் தம்பி நான்கு பேர் இருக்கிறார்கள், யார் மடியிலாவது சீதாவை உட்கார வைத்துவிடலாம். இங்கே ஷியாமளாம்மாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மானிடம் போய், என் முறையில் அம்மையப்பன் போகட்டும் என்றான்.

"ஏக் ஆத்மி ஜாயேகா. கோன் ஜாயேகா, தும் போலோ. பாத்மே ரோனா மத்" என்றார் அவர். ஒரு ஆள்தான் போகலாம், யாரென்று நீயே சொல், பிறகு அழாதே என்று அர்த்தம்.

அம்மையப்பன்தான் கோபப்பட்டார். "கிறுக்குப்பய மவனே. கூடப் பொறந்தவ காத்துக் கெடக்கா, நீ ஊரான் புள்ளைக்கு மடி குடுக்கப் போறியா?"

"அங்க ஆளிருக்குண்ணே. இங்க இல்லைல்ல. இனித் தள்ள வேணாம், காதக் குத்திருன்னு வடிவுகிட்டச் சொல்லுங்க." கம்மலும் பாவாடையும் வாங்கி அம்மையப்பனிடம் கொடுத்து அனுப்பினான்.

விழா நாள் வந்தது. ராக்கப்பன் காலையிலேயே குளித்து, பெட்டியிலிருந்து கரைபோட்ட வேட்டியை எடுத்துக் கட்டினான். தாம்பாளம் ஒன்றை இரவல் வாங்கி, அதில் பட்டுக் கவுன், வெற்றிலை பாக்கு, பழம், சர்க்கரை எல்லாம் அடுக்கி, டாக்சியில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். ஹாலுக்குள் நுழையும்போது நாகஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. மணையில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். சிவந்த, மீசை இல்லாத பையன், புது வேட்டி, மடியில் குழந்தை. மூக்கும் முழியும் ஷியாமளாவை உரித்து வைத்திருந்தது. மெட்ராஸ் தம்பி. யார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷியாமளா தாம்பாளத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஐயோ ராக்கப்பன்... தம்பிக்குத் திடீர்னு விசிட் விசா கெடச்சு முந்தாநாள்தான் வந்தான். கேம்ப்புக்குச் சொல்லி அனுப்ப ஆள் கெடைக்கல. மன்னிச்சுக்குங்க."

அவள் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபப்பட்டிருக்கலாம்.

"இதுல என்னம்மா இருக்கு. சொந்த மாமன் வந்துட்டாருல்ல, அதானே மொறை" என்றான். தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சீர் வரிசையில் வைக்கக் கை வரவில்லை. விளையாட்டுப் போட்டிக்கான பரிசுப் பொருள்கள் குவிந்திருந்த மேஜையில், ஒரு டார்ட்போர்டுக்கும் பொம்மைக் காருக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தான்.

பத்மா வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகியிருந்தாள். காதில் அவன் மடியில் போட்ட அதே கம்மல். அவனைப் பார்த்ததும் துள்ளி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய், மணையில் இருந்தவனிடம் காட்டினாள். "மாமா, ஸீ, திஸ் இஸ் மை ஃபங்ஷன் மாமா!"

பெரியவர்கள் சிரித்தார்கள். கெட்டிக்காரக் குழந்தை, சரியான பேர்தான் வைத்தது. ராக்கப்பனும் சிரித்தான். சிரித்த வாயை மூட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை உடம்பை வளைத்துக் கத்தியது. தூரத்தில் நின்ற ராக்கப்பனின் கைகள் அவனைக் கேட்காமலே முன்னே வந்தன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த நேரத்தில் ரெங்கராஜ் அவன் தோளைத் தட்டி, "நல்ல வேளைப்பா நீ வந்தது. பந்தியில ஆள் பத்தல, கொஞ்சம் பாயசம் பாத்துக்கோ" என்றார். அவர் மேலும் குற்றம் இல்லை, நிஜமாகவே ஆள் பற்றவில்லை. ராக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினான். குடும்பங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, பரிமாறியவர்களோடு சேர்ந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தான்.

மாசி பிறந்த பிறகுதான் அம்மையப்பன் லீவு முடிந்து வந்து சேர்ந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஊறுகாயையும் முறுக்கையும் எடுத்து வெளியே வைத்தார். ராக்கப்பன் தன் கதையைச் சொல்லவில்லை. சீதா காதுகுத்து எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டான்.

"நடந்துச்சு" என்றார்.

"யாரு மடியிலண்ணே?"

அம்மையப்பன் ஊறுகாயை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். "பங்காளி மாமன்மாருக நாலு பேரும் வந்து நின்னாக. நான் நீயின்னு மடியக் காட்டுனாக. ஒந்தங்கச்சி ஒருத்தரையும் ஒக்கார விடலடா. நீ விட்டுட்டு வந்த பழைய வேட்டிய டிரங்குப் பொட்டியில வச்சிருந்திருக்கா. அத எடுத்தாந்து நாலா மடிச்சு மணைமேல போட்டா. எங்கண்ணன் மடி இதுதான், வேற மடியில எம்புள்ள ஒக்காராதுன்னுட்டா. அது மேலதான் ஒக்கார வச்சுக் குத்துனாக."

அம்மையப்பன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

"புடிக்க ஆளில்லாமப் புள்ள திமிறிருச்சு. ஒரு பக்கம் ஓட்டை செத்த எறங்கிப் போச்சு. கம்மல் போட்டா ஒண்ணு மேல, ஒண்ணு கீழயாத்தான் தெரியும். வடிவு அதப் பத்திக் கவலப்படல. மாமன் வந்து பாக்கட்டும்னு சொல்லிட்டா."

ராக்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதான். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அழாதவன், ரூமில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதான். தன் மடிக்கென்றே காத்துக் கிடந்தது ஒரே ஒரு குழந்தை. அதை விட்டுவிட்டுத் தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் மடி கொடுத்துக்கொண்டிருந்தோமே என்று நெஞ்சு வலித்தது. அம்மையப்பன் கேலி பேசவில்லை. முறுக்குப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சித்திரைப் பிறப்பு விழாவுக்கு ரெங்கராஜின் கார் கேம்ப் வாசலுக்கு வந்தது. "ராக்கப்பா, பந்தல் போடணும். அப்புறம் புதுசா ஒரு டாக்டர் ஃபேமிலி வந்திருக்காங்க, கொழந்தைக்குக் காது குத்தணும். மாமா யாரும் இல்ல. நீதான் உக்காரணும்."

ராக்கப்பன் மூங்கில் கட்டும் கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "பந்தல் போட்டுத் தாரேன் சார். பரிமாறவும் வாரேன்."

"மடி?"

"அது ஊர்ல இருக்கு சார்."

ரெங்கராஜுக்குப் புரியவில்லை. ஏதோ லீவு பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு, வேறு ஆள் பார்க்க வேண்டுமே என்ற கவலையோடு காரை எடுத்தார். ராக்கப்பன் பின் சீட்டில், கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.