எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பவள்

மிக்சி, கிரைண்டர், இரண்டு மின்விசிறி, தண்ணீர் மோட்டார், டிவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, மீட்டர் பெட்டிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள் மேரிசெல்வி. மரக்காணத்தில் தம்பி ஆரோக்கியராஜின் வீட்டுக்கு விடுப்பில் வந்தால் முதல் வேலை இதுதான்.

"ஃபியூஸ் போயிடப் போவுதுக்கா" என்பான் தம்பி.

"போனா இப்பவே போவட்டும். தனித்தனியா எல்லாமே நல்லதுதான்டா. ஒண்ணா சேந்தாதான் கொணம் தெரியும்."

நாற்பத்தொரு வயது. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்களின் மூத்த மகள். போர்க்கப்பலில் இருக்கும் ரேடார், பீரங்கி, ஏவுகணை, அவற்றை ஆட்டிவைக்கும் கணினி எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாக வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது அவள் தொழில். ஊரில் யாராவது கேட்டால், "கப்பல்ல வயரிங் செக் பண்றேன்" என்பதோடு சரி. கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அலை எழுந்தால் குடலும் எழும். அதனால் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் திரைக்கு முன் உட்காருவாள்.

போன மாசியில் ஒரு புதுக்கப்பலின் சோதனை. இழுவைப் படகு ஒன்று சிவப்பு மிதவையை இழுத்துக்கொண்டு போகும். ரேடார் அதைக் கண்டு ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பீரங்கி மிதவையின் பக்கம் திரும்ப வேண்டும். உள்ளே குண்டு கிடையாது. காலையில் அவளே பார்த்திருந்தாள். இருபத்தொரு முறை பிசகவில்லை.

இருபத்திரண்டாம் முறை பீரங்கி கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது. திரையில் மிதவையின் எண்தான். 'தயார்' என்று பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் பீரங்கியோடு சேர்ந்து திரும்பும் கேமராவில் மிதவை இல்லை. சோதனை எல்லைக்கு வெளியே, தூரத்தில் நின்ற ஒரு மீன்பிடி ஃபைபர் படகு தெரிந்தது. அதில் இரண்டு பேர். ஒருவர் தூக்குவாளியைத் திறந்து சோறு எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர் குனிந்து கடல்நீரில் கை அலம்பினார். அலையில் படகு ஏறி இறங்க, பீரங்கியும் அதே அளவு ஏறி இறங்கியது.

மேரிசெல்வி எட்டிச் சோதனையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அதன்பின் நாற்காலியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்த நார்த்தங்காயை எப்போது விழுங்கினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மென்பொருள் செய்த நிறுவனத்தின் மேலாளர் ராஜ்கமல் தண்ணீர் கொடுத்தார். மறுபடி ஓட்டினார்கள். முப்பது முறை ஓட்டியும் தவறு திரும்ப வரவில்லை. கப்பலைப் படையில் சேர்க்கும் விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"நூத்துல ஒண்ணுங்க மேடம். குறிப்புல எழுதிட்டு சைன் பண்ணிடுங்களேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

"அந்த ஒண்ணுல ரெண்டு பேரு சாப்ட்டுனு இருக்காங்க, ராஜ்கமல்."

தாளில் 'தேறவில்லை' என்று எழுதினாள். விழா தள்ளிப்போனது. மேலிடத்திலிருந்து மூன்று முறை தொலைபேசி வந்தது. மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னாள். பிறகு விடுப்புப் போட்டு மரக்காணம் வந்தாள்.

அந்த முறை மட்டும் மீட்டர் பெட்டியின் பக்கமே போகவில்லை. பகலெல்லாம் உப்புப் பாத்தி வரப்பில் நின்றாள். வெயிலில் கண் கூசும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து கேட்டான்.

"அதான் குண்டே இல்லன்னியேக்கா?"

"இல்லதான். அது மிஷினுக்குத் தெரியாதுடா."

அவன் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

மூன்றாம் வாரம் தவறு அகப்பட்டது. ரேடாரின் கடிகாரத்துக்கும் பீரங்கிக் கணினியின் கடிகாரத்துக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்கு வித்தியாசம். மிதவை ஒரு கணம் அலையில் மறைந்தபோது, ரேடார் அதன் எண்ணை மீன்பிடிப் படகுக்குக் கொடுத்து உடனே திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் பீரங்கிக்குப் போய்ச் சேரவில்லை. தனித்தனியாக இரண்டுமே சரி. ராஜ்கமல் அன்று தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் அன்னைக்கு சைன் கேட்டிருக்கக் கூடாதுங்க மேடம்" என்றார்.

திருத்தியபின் கப்பலுக்குத் திரும்பி வந்து இருநூறு முறை ஓட்டச் சொன்னாள். வேண்டுமென்றே மிதவையை மறைத்தும் காட்டியும் ஓட்டினார்கள். இருநூறாவது முறையும் பீரங்கி மிதவையை விட்டு இம்மியும் விலகவில்லை. அறையில் கைதட்டல். கப்பலின் கேப்டன் எழுந்துவந்து அவளுக்குக் கை நீட்டினார்.

மேரிசெல்வி எழுந்தாள். வலது கை சிவப்புப் பொத்தானின் மேலேயே இருந்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. இடது கையை நீட்டினாள்.