என் மனைவியின் கழுத்து குணமான விதம்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தாராவியில் முழங்கால் சேறாகக் கிடந்த இடத்தில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கித் தகரக் கொட்டகை போட்டேன். கொட்டகையைச் செங்கல் சுவர் வைத்த பட்டறை ஆக்கினேன். தோல் பெல்ட் தைக்க ஒரு மிஷின் வாங்கினேன், ஒன்று ஆறாயிற்று. என் பெல்ட்டைக் கையால் தொட்டுப் பார்க்காத தாதர் கடைக்காரர்களை என் வாசலில் வந்து நிற்க வைத்தேன். அறுபதுகளின் நடுவில் பழைய வேன் ஒன்று வாங்கி, ஓட்டவும் நானே கற்றுக்கொண்டேன். எங்கள் சந்தில் அதுதான் முதல் வண்டி. எதையும் எவனும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. யாரையும் லேசில் நம்பாததால்தான் இவ்வளவும் நடந்தது.

வேன் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் என் மனைவி. "பஸ்ஸு ஓடுதுல்லா, பொறவு என்னத்துக்கு இந்தத் தகர டப்பா?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சயான் தாண்டியதும் கைவண்டி ஒன்று குறுக்கே வர, நான் பிரேக் போட்டேன். பின்னால் வந்த லாரி முட்டியது. அவள் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. ரத்தம் இல்லை, காயம் இல்லை. வீட்டுக்கு வந்து மாவு கூட ஆட்டினாள்.

புதன்கிழமை காலையில் எழுந்து, "கழுத்தத் திருப்ப முடியல. வலி உசுரு போவுது" என்றாள்.

"ஏட்டி, முட்டினது ஞாயித்துக்கெழம. அன்னைக்கு வராத வலி இன்னைக்கு வருமா?"

"அப்ப நான் நடிக்கேனாக்கும்?"

நான் அப்படித்தான் நினைத்தேன். வேனை விற்க வைக்க வழி தேடுகிறாள் என்று பட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். என் சந்தேகம் இன்னும் கூடியது. மாத்திரையும் தைலமுமாக ஒரு மாதம் போயிற்று. அவளுக்குத் தெரியாமல் சோதித்துப் பார்த்தேன். அவள் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து திடீரென்று கூப்பிடுவேன். வெளியே கிளம்புகிறவளை அப்படிக் கூப்பிடக் கூடாதுதான். ஒவ்வொரு தடவையும், தெரு முனையில் தேர் திரும்புகிற மாதிரி, உடம்பையே திருப்பிக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி, மறக்காமல் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் பட்டறையில் இரும்புப் பட்டறைக்கல் ஒன்று பலகையிலிருந்து கீழே விழுந்தது. சோறு கொண்டுவந்திருந்த அவள் அந்தச் சத்தத்தில் சட்டென்று தலையைத் திருப்பினாள். திருப்பியதுதான், கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். அந்த நேரத்தில் எவளாலும் நடிக்க முடியாது.

அவள் மேல் இருந்த சந்தேகத்தை விட்டேன். அது போய் மாட்டுங்கா டாக்டர் மேல் உட்கார்ந்தது.

என்னிடம் பெல்ட் வாங்குகிற ஆபீஸ்காரர் ஒருவர்தான் அவரைப் பற்றிச் சொன்னார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அமெரிக்காவில் முதுகெலும்பு வைத்தியம் படித்துவிட்டு வந்தவராம். ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் கைதான். ஊசியில்லாத டாக்டரை எப்படி நம்புவது? அதுவும் என் மனைவியின் கழுத்தில் கை வைக்கப்போகிறவரை! வேறு வழியில்லாமல் அவளைக் கூட்டிப் போய், பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். "பேஷா நில்லுங்கோ" என்றார்.

வண்டி முட்டி மூன்று நாள் கழித்து வலி வருமா என்று அவரிடம் நானே கேட்டேன்.

"அப்படித்தான் வரும். உள்ளே சதை சுளுக்கிண்டிருக்கு. அது வீங்கி இறுக நாளாகும்" என்றார்.

அவளை மேஜையில் படுக்கவைத்து, தலையை இரண்டு கையிலும் ஏந்தி, மெதுவாக நீவி, ஒரு பக்கம் சற்றே திருப்பினார். சொடக்கு விழுந்தது. சத்தம் அவள் கழுத்தில் வந்ததா, அவர் விரலில் வந்ததா? குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"உமக்குக் கழுத்து வலிக்கறதோ?"

"இல்ல."

"அப்போ எதுக்கு?" என்றவர், "ஆத்துல ஜலம் யார் கொண்டுவரா?" என்று கேட்டார்.

"அவதான். தெருக்குழாயில பிடிச்சு, தலையில வச்சு."

"தினம் எத்தனை நடை?"

எனக்குத் தெரியவில்லை. மேலே பார்த்துப் படுத்திருந்தவள் சொன்னாள்: "பதினாலு."

"இந்த வலியோடயா? நான் இங்கே இறக்கி வைக்கறதை நீங்க அங்கே ஏத்திண்டிருந்தா, என்கிட்ட வரவே வேண்டாம்" என்றார், என்னைப் பார்த்து.

தப்பிக்க வழி பார்க்கிறார், குணமாகாவிட்டால் தண்ணீர் மேல் பழி போடுவார் என்று தோன்றியது. அந்தச் சாக்கு அவருக்குக் கிடைக்கக் கூடாது என்றே மறுநாள் காலை குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

ஆறு மிஷின் முதலாளி பெண்கள் வரிசையில் நின்றேன்.

"அண்ணாச்சி, முந்தானைய எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்றாள் ஒருத்தி.

"சும்மாடு கட்டத் தெரியுமா? இல்ல, அதையும் மிஷின்ல தச்சுட்டு வந்தீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

முதல் நாள் பாதிக் குடம்தான் வீடு சேர்ந்தது. சட்டையெல்லாம் ஈரம். நாலாவது நடையில் என் பிடரியே கெஞ்சியது. ஆனால் விடவில்லை. மூன்று மாதம் தினமும் பதினாலு நடை.

மூன்றாம் மாதக் கடைசியில் அவள் தானே கொண்டை போட்டாள். மேல் பலகையில் இருந்த டப்பாவை அண்ணாந்து பார்த்து எடுத்தாள். ஊரெல்லாம் சொன்னாள்: "மாட்டுங்கா டாக்டர் கைராசி!" இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள்.

அந்த மனிதர் அவள் கழுத்தைத் தொட்டது மொத்தம் பத்துத் தடவை. அந்தச் சொடக்கின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் அவளிடமே கேட்டேன்: "நான் தண்ணி தூக்குனது கணக்குல இல்லையா?"

"உங்க வீட்டுத் தண்ணியத்தான தூக்குனீங்க? அதுக்கு முந்தி அத்தனை வருசம் நான் தூக்குனேன். அப்ப யாரு எம் பேரச் சொன்னா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் கேட்டது அதை அல்ல, கழுத்து குணமான கணக்கை. இதைப் படிக்கப்போகிற என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அம்மாவின் கழுத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் டாக்டர் பேச்சை முதலில் எடுங்கள், தடுக்கமாட்டேன். அதே மூச்சில் அப்பா தண்ணீர் சுமந்தார் என்றும் சொல்லவேண்டும். அதையும் அவள் காதில் விழும்படி சொல்லவேண்டும்.